கடைத் தொட்டியை நம்பாதீர்கள்: முரட்டு மீனுக்குத் துணை தேடும் வழி

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் ஒரே தொட்டிக்குள், ஆஸ்கார் என்ற பெரிய வளர்ப்பு மீனின் குஞ்சுகள் நாற்பது ஐம்பது ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும், சண்டையே இருக்காது. அதைப் பார்த்துவிட்டு "இவ்வளவு சாதுவாக இருக்கிறதே, இதோடு நாலு கலர் மீன் சேர்த்துப் போட்டால் என்ன" என்று நினைக்காத புது ஆளே கிடையாது. அந்தக் காட்சியை நம்பாதீர்கள். நெரிசலான தொட்டியில் எந்த மீனாலும் தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது, ஒருத்தனை மட்டும் குறிவைத்துத் துரத்தவும் முடியாது, அதோடு அவை எல்லாமே இரண்டு அங்குலக் குழந்தைகள். அதே மீன் உங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு வருஷம் வயிறாரச் சாப்பிட்டு, பத்து அங்குலம் வளர்ந்து, "இந்தத் தொட்டி என்னுடையது" என்று முடிவு செய்தபிறகு எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கடையில் நின்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. அதனால் துணை மீன் தேர்வு கடையில் தொடங்குவதில்லை. வீட்டில், ஒரு துண்டுக் காகிதத்தில் தொடங்கவேண்டும்.

முதலில்: துணை வேண்டுமா?

இதைக் கேட்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். "தனியா இருந்தா அதுக்கு போர் அடிக்காதா?" என்பது நம்முடைய கவலை, பெரும்பாலான பெரிய சிக்லிட் மீன்களுக்கு அந்தக் கவலை கிடையாது. சிக்லிட் என்றால் ஏதோ வெளிநாட்டு விஷயம் என்று நினைக்கவேண்டாம், ஆஸ்காரும், மார்க்கெட்டில் கிடைக்கும் ஜிலேபிக் கெண்டையும் அந்தக் குடும்பம்தான். இடம் பிடிப்பதும், பிடித்த இடத்துக்காக அடித்துக்கொள்வதும், முட்டையையும் குஞ்சையும் உயிரைக் கொடுத்துக் காப்பதும் இந்தக் குடும்பத்தின் குணம்.

உங்களிடம் இருப்பது ஃப்ளவர்ஹார்ன் என்றால் கேள்விக்கு நேரடி பதில்: வேண்டாம், தனியாக வையுங்கள். 1990களில் மலேசியாவில் பல அமெரிக்க சிக்லிட்களைக் கலந்து உருவாக்கிய மீன் அது, கலந்த மீன்களின் முரட்டுத்தனமும் சேர்ந்தே வந்திருக்கிறது. ஆறடித் தொட்டியில் அபூர்வமாகச் சில ஃப்ளவர்ஹார்ன் பிற மீன்களைச் சகித்துக்கொள்வதுண்டு, ஆனால் உங்களுடையது அந்த அபூர்வமா இல்லையா என்பது இன்னொரு மீன் செத்தபிறகுதான் தெரியும். வாஸ்துவுக்காக வாங்கியவர்கள் கவலைப்படவேண்டாம், தனியாக வைத்தால் அதிர்ஷ்டம் குறைந்துவிடாது. அந்த மீனும் கண்ணாடிக்கு வெளியே இருக்கும் உங்களைத்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆஸ்கார், கிரீன் டெரர், ஜாக் டெம்ப்சி, சில்வர் அரோவானா போன்ற பெரிய மீன்களுக்குத் துணை சாத்தியம். கட்டாயம் இல்லை, சாத்தியம். இந்தக் கட்டுரையில் ஆஸ்காரை வைத்தே பேசுகிறேன், சென்னையில் புதிதாகப் பெரிய மீன் வளர்க்க வருகிறவர்கள் அதிகம் வாங்குவது அதுதான்.

தொட்டியை அளந்து பாருங்கள்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, வருவதை 28-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வந்துவிடும். நாலடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை என்றால் சுமார் 250 லிட்டர். அது ஒரே ஒரு ஆஸ்காருக்கான தொட்டி. அதற்குள் துணை சேர்க்க நினைத்தால், எந்த மீனைத் தேர்ந்தெடுத்தாலும் தப்பான மீனாகத்தான் இருக்கும். துணையோடு வைக்கவேண்டும் என்றால் ஐந்தடிக்கு இரண்டுக்கு இரண்டு, அதாவது 560 லிட்டர், அதிலிருந்து தொடங்குங்கள். ஆறடி இருந்தால் இன்னும் நிம்மதி. உயரத்தைக் கூட்டி ஏமாறாதீர்கள். விரட்டப்படும் மீன் மேலே ஏறித் தப்பிப்பதில்லை, பக்கவாட்டில்தான் ஓடும், அதனால் தரைப்பரப்புதான் முக்கியம். அப்புறம், ஐந்தடித் தொட்டி தண்ணீரும் கண்ணாடியும் ஸ்டாண்டும் சேர்த்தால் முக்கால் டன் பக்கம் வரும். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் ஹால் நடுவில் வைக்காமல், கீழே பீம் ஓடுகிற சுவரை ஒட்டி வையுங்கள், பழைய கட்டடம் என்றால் இன்ஜினியர் ஒருவரைக் கேட்டுவிடுவது நல்லது.

சண்டைக்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு பெரிய மீன் போடும் கழிவே அதிகம், இரண்டு மூன்று சேர்ந்தால் அம்மோனியா சீக்கிரம் ஏறும். சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது, பிஹெச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு) 8-ஐத் தொடும். பிஹெச் 7-லிருந்து 8-க்குப் போகும்போது அதே அளவு அம்மோனியாவின் விஷத்தன்மை ஏறத்தாழ பத்து மடங்காகிறது, வெயிலில் தண்ணீர் சூடானால் அதற்கும் மேல். சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவாகத்தான் கரையும். ஏப்ரல், மே மாதங்களில் ஃபேன் கூட இல்லாத மூலையில் தொட்டியை வைத்துவிட்டு, "திடீர்னு மீன் எல்லாம் எரிச்சலா இருக்கு" என்றால் அதில் மீனின் தப்பு எதுவும் இல்லை. தொட்டிக்கு வெளியே வைக்கும் நல்ல கேனிஸ்டர் ஃபில்டர் அல்லது பெரிய டாப் ஃபில்டர், கூடவே ஏர் பம்ப், வாரம் ஒருமுறை 30-லிருந்து 40 சதவீதம் தண்ணீர் மாற்றம், இதெல்லாம் துணை மீனுக்கு முன்னால் வாங்கவேண்டியவை. மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ ஊற்றினால் குளோரின் நீக்கும் மருந்து போடாமல் ஊற்றாதீர்கள். மழைக்காலத்தில் புயல் வந்து நாள் முழுக்கக் கரண்ட் போகும் ஊர் இது, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும், நெரிசலான தொட்டியில் பெரிய மீன்தான் முதலில் மூச்சுத்திணறும்.

புதுத் தொட்டி என்றால் ஃபில்டரில் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா வளர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீன்களைக் கொண்டுவந்து கொட்டாதீர்கள்.

மூன்று கேள்விகள்

எந்த மீனைப் பார்த்தாலும் மூன்றைக் கேளுங்கள். அது வளர்ந்தபின் என் ஆஸ்காரின் வாய்க்குள் போகுமா? என் ஆஸ்கார் அதன் வாய்க்குள் போகுமா? இரண்டும் ஒரே இடத்துக்கு ஆசைப்படுமா?

முதல் கேள்வி எளிது, இருந்தாலும் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். வாயில் நுழைகிற எதுவும் ஆஸ்காருக்குச் சாப்பாடு. நியான் டெட்ரா, கப்பி, மோலி எல்லாம் டேங்க்மேட் இல்லை, டிஃபன். மீனின் நீளத்தை மட்டும் பார்க்காதீர்கள்: ஒல்லியான நீளமான மீன் மடங்கி உள்ளே போய்விடும், அதே நீளத்தில் தட்டையாக, உயரமாக இருக்கும் மீன் போகாது. துணை மீன் ஆஸ்காரின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்கட்டும், உடம்பு தட்டையாக, உயரமாக இருந்தால் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. சின்னக் கெளுத்தி வகைகளைப் போடவே போடாதீர்கள். கெளுத்தி முள் குத்தினால் எப்படி இருக்கும் என்று மீன் சுத்தம் செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கோரிடோராஸ் போன்ற குட்டிக் கெளுத்தி, விழுங்கப்படும்போது முள்ளை விறைத்துக்கொள்ளும், அது தொண்டையில் மாட்டி இரண்டு மீனும் சாகும்.

இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. தன் மீன்தான் ரவுடி என்ற நினைப்பில் அதைவிடப் பெரிய ரவுடியை வீட்டுக்குக் கூட்டிவருவார்கள். ரெட் டெயில் கேட்ஃபிஷ் குட்டியாக இருக்கும்போது மீசையும் சிவப்பு வாலுமாக அவ்வளவு அழகு. அது ஒரு மீட்டரைத் தாண்டி வளரும் மீன், வளரும் வழியில் தொட்டியில் இருப்பவர்களை ஒவ்வொருவராகச் சாப்பிட்டுக்கொண்டே வளரும். இரவில், சத்தமில்லாமல். காலையில் எண்ணிப் பார்த்தால் ஒன்று குறையும்.

மூன்றாவதுதான் கொஞ்சம் யோசிக்கவேண்டியது. இந்த மீன்கள் தன்னைப்போல இருப்பவனிடம்தான் அதிகம் மோதும். ஒரே இனம், ஒரே நிறம், ஒரே உடல்வாகு என்றால் அது போட்டியாளன். ஆஸ்காரும் இன்னொரு ஆஸ்காரும் சின்னதிலிருந்து சேர்ந்து வளர்ந்தால் பெரும்பாலும் சமாளிக்கும், ஆனால் ஆண் எது பெண் எது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாத மீன் அது, எனவே இரண்டு வாங்குவது ஒரு சீட்டாட்டம். முற்றிலும் வேறு மாதிரி இருக்கும், வேறு மட்டத்தில் நீந்தும் மீனை ஆஸ்கார் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. தரையில் கிடப்பது, நடுவில் கூட்டமாகச் சுற்றுவது, மேல்மட்டத்தில் மிதப்பது என்று ஆளுக்கொரு மாடி கொடுத்துவிட்டால் பாதி பிரச்னை குறையும்.

சரியாக வரக்கூடியவை

என் முதல் சிபாரிசு சில்வர் டாலர். வெள்ளிக்காசு மாதிரி வட்டமாக, ஆறு அங்குலம் வரை வளரும், வேகமாக ஓடும், யாரிடமும் வம்புக்குப் போகாது. ஐந்தாறு சேர்த்துத்தான் வாங்கவேண்டும், ஒன்று இரண்டு வாங்கினால் பயந்து மூலையில் ஒடுங்கும். இவை நடுமட்டத்தில் நிம்மதியாகச் சுற்றுவதைப் பார்த்தால் ஆஸ்காருக்கும் "ஆபத்து எதுவும் இல்லை போல" என்று தைரியம் வரும். கூட்டமாக இருப்பதால் ஒரே மீனைக் குறிவைத்துத் துரத்துவதும் கஷ்டம். செடி வைத்திருந்தால் மட்டும் மறந்துவிடுங்கள், வேரோடு தின்றுவிடும். ஆஸ்கார் இருக்கும் தொட்டியில் செடி எப்படியும் தங்காது, அது பிடுங்கி எறிந்துவிடும்.

டின்ஃபாயில் பார்பும் இதே வேலையைச் செய்யும், ஆனால் ஒரு அடி வரை வளரும், கூட்டமாக வேறு இருக்கவேண்டும், ஆகவே ஆறடித் தொட்டிக்காரர்களுக்கு மட்டும். சில்வர் ஷார்க் என்று கடைகளில் சொல்லும் பாலா ஷார்க்கும் அப்படியே. ஒரு அடி, கூட்டம், கூடுதலாகத் துள்ளிக் குதிக்கும் பழக்கம், மூடி கட்டாயம்.

சிக்லிட்களில் செவரம் நல்ல தேர்வு, பார்க்கக் கம்பீரம், குணத்தில் ஆஸ்காரைவிட ஒரு படி சாந்தம். பிளட் பேரட்டை நிறையப் பேர் போடுகிறார்கள். அதுவும் ஒரு கலப்பு மீன், வாய் முழுதாக மூடாது என்பதால் கடித்துச் சண்டை போட வராது, இடித்துத் தள்ளத்தான் முடியும். சாதுவான ஆஸ்காரோடு ஓடும், ஆஸ்கார் முரடு என்றால் பேரட் பாவம். கிரீன் டெரர், ஜாக் டெம்ப்சி இரண்டும் பெரிய தொட்டியில், கிட்டத்தட்ட சம அளவில் வாங்கினால் மட்டும். ஜீப்ரா சிக்லிட் என்று விற்கப்படும் கன்விக்ட் நாலைந்து அங்குல மீன்தானே என்று ஜோடியாக வாங்கிவிடாதீர்கள். முட்டை போட்டபின் அந்தச் சின்ன ஜோடி ஒரு அடி ஆஸ்காரைக்கூடத் தொட்டியின் ஒரு ஓரத்துக்கு ஒதுக்கிவிடும்.

தரைக்கு பிச்சிர் ஒத்துவரும், ஆனால் ஒல்லியான மீன், வாங்கும்போதே ஆஸ்காரின் வாய்க்கு மிஞ்சிய அளவில் வாங்குங்கள். தவளைபோலக் காற்றைக் குடிக்க மேலே வந்து போகும், மூடியில் சின்ன ஓட்டை இருந்தாலும் வெளியே வந்துவிடும்.

இனி சக்கர் மீன். "அண்ணா, டேங்க்க சுத்தமா வச்சுக்கும்" என்று கடைக்காரத் தம்பி சொல்லி இலவச இணைப்பு மாதிரி கவரில் போட்டுத் தருவார். கண்ணாடியில் இருக்கும் பாசியைக் கொஞ்சம் மேயும், அது உண்மை. ஆனால் அது ஒன்றரை அடி வரை வளரும், தின்பதைவிட அதிகம் கழிவு போடும், பசித்தால் இரவில் ஆஸ்காரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு உடம்பின் மேலிருக்கும் வழவழப்பை உறிஞ்சும். ஆஸ்காரின் உடம்பில் வட்டமாக வெளுத்த தழும்பு தெரிந்தால் முதலில் சந்தேகப்படவேண்டியது இதைத்தான். வைத்தே ஆகவேண்டும் என்றால் ஒன்று மட்டும், அதற்கென்று ஒரு குழாயோ பானையோ ஒளிந்துகொள்ள, விளக்கை அணைத்தபின் வெள்ளரிக்காயோ சுரைக்காயோ ஒரு துண்டு.

தொடவே வேண்டாம்

பிரான்ஹா என்று சொல்லி விற்கும் சிவப்பு வயிற்று மீன் பெரும்பாலும் பாக்கு, மீன் மார்க்கெட்டில் ரூப்சந்த் என்று கிலோ கணக்கில் கிடைப்பதும் அதே மீன்தான். எவ்வளவு வளரும் என்பதை அங்கேயே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வெறும் 'ஷார்க்' என்று விற்கும் பங்காசியஸும் இப்படித்தான், ஹோட்டலில் பாசா என்று வருவது அதுதான். ஒரு மீட்டருக்கு மேல் வளரும், பயந்தால் கண்ணாடியில் போய் மோதும். முதலை வாய் கொண்ட அலிகேட்டர் கார் (gar) மீனைப் பற்றிப் பேசவே வேண்டாம், வீட்டுத் தொட்டிக்கான மீனே இல்லை. தங்கமீன் ஆஸ்காருக்கு இரை. மலாவி ஏரியின் ஆப்பிரிக்க சிக்லிட்களுக்கு நம் கடினத் தண்ணீர் பிடிக்கும்தான், ஆனால் அவற்றின் சாப்பாடும் சண்டை முறையும் வேறு, தனித் தொட்டி வையுங்கள்.

அரோவானா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில்வர் அரோவானா தொட்டியில் இரண்டரை அடி அளவுக்கு வளரும், நீளத்தைவிட அது திரும்புவதற்கான அகலம் முக்கியம், மூடியின் மேல் கல் வைக்கும் அளவுக்குக் குதிக்கும். அதன் வாய் பார்ப்பதைவிடப் பெரிதாகத் திறக்கும் என்பதால் பேரட், செவரம், சில்வர் டாலர் எல்லாமே நன்கு வளர்ந்தவையாக இருக்கவேண்டும், மீசையைக் கடிக்கும் மீன் கூடாது. ஆசிய அரோவானா, அழியும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கும் மீன், 2022-இல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டபின் வைத்திருப்பவர்கள் வனத்துறையிடம் பதிவு செய்யவேண்டும், சான்றிதழ் இல்லாமல் யாராவது குறைந்த விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

வாங்கும் நாள்

வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். பிடித்த மீனுக்குக் கடைக்காரரை இரண்டு பெல்லட் (உருண்டைத் தீவனம்) போடச் சொல்லிப் பாருங்கள், சாப்பிடாத மீனை வாங்கவேண்டாம். துடுப்பை மடக்கி வைத்திருப்பது, தலையில் சின்னச் சின்னக் குழி, உடம்பில் உப்பைத் தூவியது போன்ற வெள்ளைப் புள்ளி, குழிந்த வயிறு இதெல்லாம் இருந்தால் அந்தத் தொட்டியிலிருந்தே எதையும் எடுக்காதீர்கள். அப்புறம் கூச்சப்படாமல் ஒன்று கேளுங்கள்: "ஒத்துவரலைன்னா திரும்ப எடுத்துப்பீங்களா?" பாதி விலைக்கு, அல்லது வேறு மீனுக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் கடைகள் இருக்கின்றன. அந்தக் கடையில் வாங்குங்கள், பத்து இருபது ரூபாய் அதிகமானாலும் பரவாயில்லை. கவரை பைக் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு வெயிலில் வராதீர்கள், ஒரு தெர்மகோல் பெட்டி போதும்.

வந்த மீனை நேராகப் பெரிய தொட்டியில் விடாதீர்கள். மூன்று நாலு வாரம் தனியாக, 80 அல்லது 100 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு வையுங்கள். நோய் ஏதாவது இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும், இதற்குள் அதுவும் கொஞ்சம் தேறி வளர்ந்திருக்கும். அந்த டிரம்மைத் தூக்கி எறியவேண்டாம், பின்னால் அடிபட்ட மீனுக்கு அதுதான் ஆஸ்பத்திரி.

உள்ளே விடுவது

முடிந்தால் சாதுவானவை முதலில், ஆஸ்கார் கடைசியில். ஆஸ்கார் ஏற்கெனவே இருக்கிறது, அதுதான் பெரும்பாலோர் நிலை என்றால், புது மீன் வரும் அன்று தொட்டிக்குள் இருக்கும் கல், மரக்கட்டை, பானை எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள். பழைய எல்லைக்கோடு அழிந்துவிட்டால் வீட்டுக்காரனும் புது ஆளைப்போல இடம் தேட ஆரம்பிப்பான், கவனம் சிதறும். ஆஸ்காருக்கு வயிறு நிறையச் சாப்பாடு கொடுங்கள். விளக்கை அணையுங்கள். புது மீன்களை ஒன்றொன்றாக வாரம் ஒன்று என்று விடாமல், தனியாக வைத்துப் பார்த்த இரண்டு மூன்றைச் சேர்த்தே விடுங்கள், ஆத்திரம் பங்கு போட்டுக்கொள்ளப்படும். நீங்கள் வீட்டில் இருக்கும் ஒரு லீவு நாளாகப் பாருங்கள், ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

துரத்துவது சகஜம். துடுப்பு ஓரம் கொஞ்சம் கிழிவதும் சகஜம், சுத்தமான தண்ணீரில் தானாக வளரும். வாயோடு வாய் கவ்வி இழுத்துக்கொள்வது பார்க்கப் பயமாக இருக்கும், ஒரு சில முறையோடு நின்றால் அவர்களே பேசித் தீர்த்துக்கொண்டார்கள் என்று விட்டுவிடலாம். புது மீன் மேல்மூலையில் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் நின்றுகொண்டு நகராமல் இருந்தால், நிறம் கறுத்தால், செதில் உதிர்ந்தால், இரண்டு நாள் சாப்பிட வெளியே வராவிட்டால் காத்திருக்கவேண்டாம், பிரியுங்கள். துளை போட்ட அக்ரிலிக் ஷீட்டைக் குறுக்கே வைத்து ஒன்றிரண்டு வாரம் பார்வையில் மட்டும் பழகவிட்டு மறுபடி முயற்சி செய்யலாம். இதற்கிடையில் ஆஸ்காரே தரையில் பக்கவாட்டில் சாய்ந்து செத்ததுபோலக் கிடந்தால் பதறாதீர்கள். பொருட்களை இடம் மாற்றினால் அது அப்படிக் கோபித்துக்கொண்டு படுப்பதுண்டு, சாப்பாடு விழுந்தால் எழுந்துவிடும். எழாவிட்டால்தான் தண்ணீரைச் சோதிக்கவேண்டும்.

சாப்பாட்டைத் தொட்டியின் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் போடுங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒருத்தனே தின்பான். நல்ல பெல்லட் அடிப்படை, இடையிடையே உரித்த இறால், மருந்தடிக்காத மண்ணில் எடுத்த மண்புழு. இரைக்கென்று விற்கும் தங்கமீனும் கப்பியும் நோயைக் கொண்டுவரும், தங்கமீனில் பி1 வைட்டமினை அழிக்கும் ஒரு நொதியும் இருக்கிறது. மாட்டுக்கறி, கோழி வேண்டாம், அந்தக் கொழுப்பு மீனுக்குச் செரிக்காது.

முதல் மாதம் அமைதியாகப் போய்விட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். பருவத்துக்கு வரும்போதும் முட்டை போடும்போதும் எல்லாம் மாறும், ஒன்றாக வளர்ந்த மீன்களே ஒருநாள் காலையில் விரோதிகளாக இருக்கும். அப்படி ஆனால் யாரை எங்கே அனுப்புவது என்பதை முன்பே முடிவு செய்து வைத்திருங்கள்: இரண்டாவது தொட்டியா, திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்ன கடையா, வாட்ஸாப் குரூப்பில் பெரிய தொட்டி வைத்திருக்கும் யாராவதா. ஏரியிலோ கோயில் குளத்திலோ விடுவது அந்தப் பட்டியலில் கிடையாது, இப்படி விடப்பட்ட சக்கர் மீன்கள்தான் இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி மீனவர் வலையைக் கிழிக்கின்றன. வளர்ந்த ஆஸ்காரைக் கடைக்குக் கொண்டுபோகும்போது பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள், துடுப்பு முள் குத்திப் பாதி வழியில் தண்ணீர் ஒழுகிவிடும். மூடி உள்ள 20 லிட்டர் பெயின்ட் டப்பா ஒன்றை நன்றாகக் கழுவி, பாதி தண்ணீர் ஊற்றி, பேட்டரி ஏர் பம்ப்பை மாட்டி ஆட்டோவில் கொண்டுபோங்கள்.